கால் உடைந்தால் என்ன ஆகும் என்று மூன்று முறை கேட்டவருக்கு

நேற்று டூட்டி முடிந்து வரும் வழியில் அரிசி வாங்க ஹைப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். கடையை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான்கள் இருக்கும் வரிசையைத் தாண்டித்தான் இப்போது அரிசிக்குப் போக வேண்டும். ஆளுயரக் கம்பிக்கூடை நிறையப் புதுப் பந்துகள். கிட்டே போவதற்கு முன்பே அந்த ரப்பர் வாசம் வந்துவிட்டது. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மற்றவர்களுக்கு அது புதுச் செருப்பு வாசம் மாதிரி ஒன்று. எனக்கு மட்டும், எங்கிருந்தோ வர வேண்டிய பதில் இன்னும் வரவில்லை என்பதுபோல நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. இதே வளைகுடா நாட்டில் நீங்கள் ஜெபல் அலியில், நான் அல் ஐனில். சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் பிடித்து வருவீர்கள், ஞாயிறு மாலை திரும்பிவிடுவீர்கள். நடுவில் போன். இப்போது போனும் இல்லாததால் எழுதுகிறேன்.

நம் மகள் பிரின்சிக்கு ஒன்பது வயதில் நீங்கள்தான் அந்த முதல் கூடைப்பந்தை வாங்கி வந்தீர்கள். ஒற்றை அறை வீடு. பந்து அவள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்தினால் வீடெல்லாம் ரப்பர் வாசம். "தூக்கி வெளிய போடுங்க" என்று நான் சத்தம் போட்டபோது நீங்கள் சிரித்துக்கொண்டே பந்தை முகர்ந்து பார்த்தீர்கள். உங்கள் பழைய கதையை நீங்கள் சொன்னது என் நினைவில் ஒரே ஒரு தடவைதான், கல்யாணமான வருடம்.

உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்த கூடைப்பந்துப் பந்தயத்தில் நீங்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கல்லூரியின் பி.டி. சார் உங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் வாடகை கிடையாது, மெஸ்ஸில் மூன்று வேளையும் சும்மா. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! இரண்டாம் வருடம் ஓர் அரையிறுதி ஆட்டத்தில் கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டோடு மூன்றாவது வாரம் மெஸ்ஸில் தட்டை நீட்டியபோது, சாதம் போடுகிறவர் பேரேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒம் பேரு லிஸ்டுல இல்லையேப்பா." அன்றைக்குத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியவர்தான். பட்டம் இல்லை. அதற்கப்புறம் இந்த நாட்டுக்கு ஹெல்ப்பராக வந்து, ஸ்டோர் கீப்பராக உயர்ந்தீர்கள்.

"ஆடுத வரைக்குந்தான் சோறு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டீர்கள். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கணுக்காலில் இருந்த வடுவைத் தடவிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

இந்த ஊரில் கூடைப்பந்து என்றால் பிலிப்பினோக்கள்தான். என்னோடு கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மேரிசெல்லும் அவள் புருஷனும் ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகிற இடத்துக்குப் பிரின்சியையும் கூட்டிப்போனார்கள். பதினாறு வயதில் அங்கே நின்ற பாதி ஆண்களைவிட அவள் உயரம். மேரிசெல்லின் புருஷன் அவள் ஆடுவதைப் போனில் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி இணையத்தில் போட்டார். அது எங்கெங்கோ சுற்றி, அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அமெரிக்காவில் பனி விழுகிற ஏதோ ஒரு சிற்றூரின் சின்னக் கல்லூரியில் இருந்து மெயில் வந்தது. பெண்கள் அணியின் கோச் எழுதியிருந்தார். பேச வேண்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். நீங்கள் கல்யாணத்துக்குப் போகிறவர்போல சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தீர்கள். கோச் நம் வயதுக்காரி, குட்டை முடி, கலகலப்பான முகம். பிரின்சியின் ஆட்டத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். அப்புறம் நம் இருவரையும் பார்த்துப் பேச்சை மாற்றினாள்.

தங்களுடையதைப் போன்ற சின்னக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்க விதியே இல்லை என்றாள். உதவி உண்டு, ஆனால் அது மதிப்பெண்ணையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து வேறு ஓர் அலுவலகம் கொடுப்பது. அதில் தன் கை இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற தொகையும் சிறியது. "அதனால் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் குடும்பத்தால் வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும்?"

போன வருடம் தனக்கு மிகவும் பிடித்த ஒரு பெண்ணை இப்படித்தான் இழந்ததாகச் சொன்னாள். உதவித் தொகைக்கும் வீட்டாரால் முடிந்ததற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அந்தக் கொஞ்சத்தை யாராலும் நிரப்ப முடியவில்லை. அந்த இடத்துக்கு, அவளைவிடச் சுமாராக ஆடுகிற, ஆனால் முழுதாகக் கட்ட முடிந்த வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். இதைச் சொல்லும்போது கோச்சின் முகத்தில் கலகலப்பு இல்லை.

நீங்கள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு உங்கள் இங்கிலீஷில் கேட்டீர்கள்.

"மேடம், இஃப் லெக் புரோக்கன், வாட் ஹேப்பன்?"

கோச்சுக்குப் புரியவில்லை. பிரின்சி வெட்கப்பட்டு, "டாடி, ப்ளீஸ்" என்றாள். நீங்கள் மறுபடியும் கேட்டீர்கள், இந்தத் தடவை உங்கள் காலைத் தொட்டுக் காட்டி. கோச் சொன்னாள்: நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வோம். நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள். "நோ மேடம். லெக் புரோக்கன், நோ பிளே. ஃபுட்? காலேஜ்?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். உதவி விளையாட்டுக்காகக் கொடுப்பதில்லை. அதனால் விளையாட்டுக்காக எடுக்கவும் முடியாது. உங்கள் மகள் நாளைக்கே ஆடுவதை நிறுத்தினாலும் அவள் எங்கள் மாணவிதான்.

அழைப்பை வைத்ததும் நீங்கள் லேப்டாப்பை மெதுவாக மூடினீர்கள். பிறகு, "நல்ல எடம்ளா" என்றீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் போன வருசத்துப் பொண்ணு இப்ப எங்க ஆடுதாளோ" என்றீர்கள்.

நவம்பரில் படிவங்களை நிரப்பினோம். உங்கள் சம்பள சர்ட்டிபிகேட், என்னுடையது, பேங்க் காகிதம், எல்லாம். கோச்சிடம் நாம் சொன்ன தொகையைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பேன். இருவர் சம்பளமும் ஒழுங்காக வந்து, ஊருக்கு அனுப்புவதை நிறுத்தி, என் நகையையும் கணக்கில் வைத்தால்தான் அது முடியும்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு. பிரின்சி ஹாலில் படித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டீர்கள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னீர்கள்:

"புராஜெக்ட் முடிஞ்சிட்டு. எங்க கோடவுன்ல பாதிப் பேருக்கு நோட்டீஸ் குடுத்துட்டான். எனக்கும். கலாஸ், தீந்துட்டு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

"அவங்களுக்கு அனுப்புன சர்ட்டிபிகேட்ல இருக்க சம்பளம் இனி இல்ல. சொல்லணும்லா?"

"சொன்னா என்ன ஆவும்?"

"தெரியல."

"தெரியாதுல்ல? அப்ப சொல்லாதீங்க. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைய எடுக்க ஏங்கையில ஒண்ணுமில்லன்னு அந்தக் கோச் சொன்னாளா இல்லியா?"

"சொன்னா."

"பெறவு என்ன? வாயத் தொறக்காதீங்க. அவகிட்டயும் சொல்லக் கூடாது. பரீட்ச முடியட்டும்."

நீங்கள் குழாயை மூடினீர்கள். அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. எனக்காகத் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் பக்கத்திலேயே இன்னொரு கோடவுனில் வேலை பிடித்தீர்கள். சூப்பர்வைசர் என்று எங்களிடம் சொன்னீர்கள். மரச்சாமான் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி ராக்கில் ஏற்றுகிற வேலை என்று உங்கள் கூட வேலை பார்த்தவர்கள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாற்பத்தொன்பது வயதில்! அந்த மாதம்தான் பிரின்சி புது ஷூ கேட்டாள். பழையது காலுக்குப் பத்தவில்லை என்றாள், பாதம் வளர்ந்துவிட்டது. நீங்கள் ஒரு கேள்வி கேட்காமல் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அந்த மாதங்களில் நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் போனில் மெயில் வந்த சத்தத்துக்குப் பயந்தேன். கல்லூரியிலிருந்து உங்கள் பழைய கம்பெனிக்குப் போன் செய்து விசாரிப்பார்களோ என்று பயந்தேன். அவள் உங்கள் விசாவில் இருந்தாள். அது கேன்சலாகி என் பேருக்கு மாற்றுகிற வரை, காகிதத்தில் ஓர் எழுத்து தப்பினால் பரீட்சை எழுத முடியாமல் போகுமோ என்று விசாக் காகிதம் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர் வாசலில் நின்று ஜெபமாலை உருட்டினேன். ஆட்டத்தில் அவள் குதிக்கும்போது கீழே வருகிற கால்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மார்ச்சில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. உதவியும் நாம் நினைத்ததற்குக் குறையாமல். பிரின்சி கத்திய கத்தலில் மேல்வீட்டு மலையாளி அக்கா இறங்கி வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியின் மேல் உங்கள் விரல் நின்றுவிட்டதை நான் பார்த்தேன். குடும்ப வருமானத்தில் மாற்றம் ஏற்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும். விரலை எடுக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினேன். எடுத்தீர்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கோயில் முடிந்து உங்களை பஸ் ஏற்றிவிட வந்தேன். பஸ் புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது சொன்னீர்கள்.

"எழுதிட்டேன்."

"என்ன எழுதுனீங்க?"

"வேல போச்சுன்னு. நேத்தே அனுப்பிட்டேன்."

ரோட்டில் நிற்கிறோம் என்பதையும் மறந்து கத்தினேன். "எம் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! யாரு கேட்டா ஒங்கள்ட்ட?"

"யாரும் கேக்கல. அதாம்ளா பயமா இருக்கு. அங்க போயி ஒரு வருசம் படிச்ச பெறவு கேட்டான்னு வையி. நடுவுல ஏந்தட்டப் பிடுங்குன மாதிரி அவ தட்டையும் பிடுங்குனான்னா? இப்பவே இல்லன்னு சொன்னா அவ நம்ம வீட்ல இருப்பா. அங்க வச்சு சொன்னா எங்க போயி நிப்பா?"

திரும்பி நடந்தேன். நீங்கள் ஜன்னல் வழியாகக் கையசைத்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. வழியில் நீங்கள் அந்த மெயிலை எனக்கு அனுப்பினீர்கள். வீட்டில் குளியலறைக்குள் போய் வாசித்தேன். நீங்கள் எழுதியதன் அர்த்தம் இவ்வளவுதான்: மதிப்பிற்குரிய மேடம், என் வேலை முடிந்துவிட்டது. புது வேலையில் சம்பளம் பாதி. முன்பே சொல்லாதது என் தப்பு. என் மகளுக்கு இது தெரியாது. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. தயவுசெய்து அவளைத் தண்டிக்காதீர்கள்.

உங்கள் தப்பு என்று எழுதியிருந்தீர்கள். என்னுடையது என்று எழுதியிருக்க வேண்டும்.

பதினொரு நாள் பதில் இல்லை. அந்தப் பதினொரு நாளும் நான் உங்களிடம் சரியாகப் பேசவில்லை. நீங்கள் போன் செய்தால் "ம்" என்பேன், பிரின்சியிடம் கொடுத்துவிடுவேன். டூட்டியில் ஒரு தடவை ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருவர் கட்டில் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மேரிசெல் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சிஸ்டர், யூ கோ சிட்" என்றாள். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அது பிரின்சிக்கும் சேர்த்தே வந்தது. நான் டூட்டியில் இருந்து வந்தபோது அவள் லேப்டாப்பின் முன்னால் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"டாடி, ஜாப் போயி த்ரீ மன்த்ஸ் ஆச்சா? நான் ஷூ கேட்டேன் டாடி! ஏன் வாங்கிக் குடுத்தீங்க?"

"ஷூ இல்லாம எப்பிடிம்மா ஆடுவ?"

"நான் போகல. எனக்கு வேண்டாம்."

"லெட்டர முழுசா வாசிச்சியா?"

அவள் முழுதாக வாசித்திருக்கவில்லை. நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. உதவியைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம். வளாகத்திலேயே பகுதிநேர வேலை தருவோம். மீதித் தொகை உங்கள் கணக்கில் இருப்பதைக் காட்டினால்தான் விசாவுக்கான காகிதம் அனுப்ப முடியும். பழைய கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பணிக்கொடை வந்தால் அதைக் காட்டிவிடலாம் என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். தனியாகக் கோச்சும் இரண்டு வரி எழுதியிருந்தாள். இந்தத் தடவை உதவி கொடுக்கிற அந்த அலுவலகத்தின் வாசலிலேயே போய் நின்றாளாம்.

பணிக்கொடை ஜூனில்தான் வந்தது. அதுவரை தினமும் நெருப்பின் மேல் நின்றோம்.

ஜூனில் ஒரு நாள் சாப்பிடும்போது இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். "என்ன கை?" என்றேன். "கார்ட்டன எறக்கி வச்சேன், பிடிச்சுக்கிட்டு. தைலம் இருந்தா போடு" என்றீர்கள். சூப்பர்வைசர் எதற்குக் கார்ட்டன் இறக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போட்டேன். தோளிலிருந்து முழங்கை வரை நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டேன். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயர் ஒட்டுகிறவள் நான். இடது கை வலி என்று யார் வந்தாலும் கட்டிலில் படுக்கவைக்கிறவள். உங்களை மட்டும் தைலம் தேய்த்து பஸ் ஏற்றிவிட்டேன். மெயிலுக்குப் பயந்தேன், விசாவுக்குப் பயந்தேன், என்றாவது ஓர் ஆட்டத்தில் உடையக்கூடிய ஒரு காலுக்குப் பயந்தேன். என் கைக்குக் கீழே இருந்த அந்தத் தோளுக்குப் பயப்படத் தோன்றவில்லை. "ஒரு நாள் லீவு போட்டு வாங்க, பார்த்துடலாம்" என்று ஒருமுறை சொன்னேன். "புது வேலயில ஆறு மாசத்துக்கு லீவு இல்லளா" என்றீர்கள். அதோடு விட்டேன்.

ஆகஸ்டில் அவளை ஏற்றிவிட்டோம். ஏர்போர்ட்டில் நான் அழுதேன், நீங்கள் அழவில்லை. "பயம் வந்தா போன் பண்ணு. வரலன்னாலும் பண்ணு" என்று மட்டும் அவளிடம் சொன்னீர்கள். அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போன பிறகு என்னிடம் கேட்டீர்கள்: "நம்ம பிள்ளைக்கி எடம் போனதால இந்த வருசம் யாரோ ஒருத்திக்கு இல்லாமப் போயிருக்கும்லா?" அந்த நேரத்தில் அதையும் நினைக்க ஒரு மனிதர்.

அக்டோபர், செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை. தெரியாத நம்பர். உங்கள் கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பாகிஸ்தான்காரர். "சிஸ்டர், பாய் கிர் கயா. ஜல்தி ஆயியே" என்றார். விழுந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்திருக்கும் என்பதுதான். டாக்சியில் ஒன்றரை மணி நேரமும் மணல்மேடுகளைப் பார்த்துக்கொண்டே, காலாக இருக்கட்டும், கர்த்தரே, காலாக மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கால் இல்லை, நெஞ்சு. உங்களை ஊருக்குக் கொண்டுபோனோம். கல்லூரியில் ஏதோ அவசர நிதியிலிருந்து டிக்கெட் எடுத்து, பிரின்சியைக் கோச்சே விமானம் ஏற்றிவிட்டிருந்தாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் உங்கள் அண்ணன் சொன்னார்: "தாப்பன் இல்லாத பொட்டப்பிள்ள. இனி எதுக்கு அங்க? இங்கனயே ஒரு காலேஜ்ல சேத்துவிடு." எனக்கும் அப்படித்தான் இருந்தது. உங்களுக்குப் பிறகு அவளையும் கண்ணில் படாத தூரத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவேன்? ஆனாலும் அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் கத்தியது நினைவுக்கு வந்தது, அதனால் அனுப்பினேன். வேறு காரணம் இல்லை.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கிய வாரம் அவள் போன் செய்தாள்.

"மம்மி, நான் டீம்ல இருந்து நின்னுட்டேன்."

"என்னது?"

"பந்த எடுத்தாலே டாடி ஸ்மெல் வருது மம்மி. ஐ கான்ட்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அழும்மா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "ஐயோ, நிக்காதம்மா! ஆடலன்னா உதவிய நிறுத்திருவாங்க. கெஞ்சிக் கேக்கேன், போயி ஆடு."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "மம்மி, டாடி அத த்ரீ டைம்ஸ் கேட்டாங்களே, மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கவில்லை. நம்பவில்லை. அவளிடம் சொல்லாமல் கோச்சுக்குப் போன் செய்தேன். உங்கள் இங்கிலீஷைவிட மோசமான இங்கிலீஷில் கேட்டேன். அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: உங்கள் கணவருக்குக் கொடுத்த பதில்தான் உங்களுக்கும். ஒரு சென்ட் குறையாது. அவளுக்கு ஆடத் தோன்றும்போது வரட்டும், தோன்றாவிட்டால் நன்றாகப் படிக்கட்டும். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். உங்கள் கல்லூரியில் தட்டோடு நின்ற அன்றைக்கு, உங்களிடம் இப்படிச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடத்துக்கான படிவம் பிப்ரவரியில் வந்தது. தந்தையின் வருமானம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், காலமானார் என்று குறியிட. மவுஸை அதன்மேல் கொண்டுபோய், எடுத்து, கொண்டுபோய், எடுத்து, ஒரு மணி நேரம். ஒரே சம்பளத்தைப் பார்த்து இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அழுத்திவிட்டால் நீங்கள் போனது நிச்சயமாகிவிடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். அழுத்தினேன். உண்மையையே எழுதினேன். உதவியைக் கூட்டித்தான் தந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இரண்டாம் வருடம் அவளாகவே அணிக்குத் திரும்பினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போது மூன்றாம் வருடம். ஆட்டத்தின் வீடியோவை அனுப்புவாள். நான் நேராகப் பார்க்க மாட்டேன். கிளினிக்கில் முதலில் மேரிசெல் பார்ப்பாள். யாரும் விழவில்லை என்று அவள் கட்டைவிரலைக் காட்டினால்தான் நான் வாங்கிப் பார்ப்பேன்.

போன வாரம் மேரிசெல் ஊருக்கு லீவில் போய்விட்டாள். வீடியோ வந்தது. எனக்கு அன்று ஆஃப். பகல் பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து நானே பார்த்தேன். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் கூடைக்கு அடியில் குதித்தவள் விழுந்தாள். அவள்மேல் இன்னொருத்தி. கேமரா பந்தோடு அந்தப்பக்கம் ஓடிவிட்டது. நிறுத்திவிட்டேன். ஆட்டம் முடிந்து அவள் 'வின் மம்மி' என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அது மூளைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. மறுபடி ஓடவிட எவ்வளவு நேரம் ஆனதென்று சொல்ல முடியவில்லை. ஓடவிட்டேன். கேமரா திரும்பியபோது அவள் எழுந்திருந்தாள். கணுக்காலை ஒருமுறை தரையில் ஊன்றிப் பார்த்தாள். ஓடினாள்.

அன்று மாலை போன் செய்தாள். "பாத்தீங்களா மம்மி? நான் விழுந்தேன்ல, பயந்துட்டீங்களா?"

"இல்லம்மா. நீ எந்திச்சிருவன்னு தெரியும்லா" என்றேன்.

"யூ ஆர் ஸோ பிரேவ் மம்மி" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

என்னிடம் பயமே இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும். உங்களுடையதும் என்னுடையதுமாக எல்லாப் பயமும் என்னிடம்தான் இருக்கிறது. அவளுக்கு அதில் பங்கு கொடுக்கவில்லை.